பிரியஸ் 30: பம்ப் சத்தத்தைக் கேட்காமல் காசை எண்ணாதீர்கள்

ரொயோட்டா பிரியஸின் மூன்றாம் தலைமுறை, 2009 மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 2015 வரை தயாரான மாடல். சேசி இலக்கம் இசட்விடபிள்யூ30 என்று தொடங்குவதால் இலங்கையில் எல்லாருக்கும் அது ‘பிரியஸ் 30’. ஹைபிரிட் வாகனங்களுக்கு வரிச் சலுகை இருந்த ஆண்டுகளில் ரிகண்டிஷனாக வந்து குவிந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் நாட்டுக்குள் இருந்ததையே கைமாற்றி ஓட்ட வேண்டியதாயிற்று. 2025இல் தடை நீங்கிய பிறகும் புதிய வாகனங்களின் விலை பலருக்கு எட்டவில்லை. அதனால் பத்துப் பதினைந்து வயதான பிரியஸ் இன்னும் நல்ல விலைக்குப் போகிறது. வாங்குபவர்கள் ஹைபிரிட் பற்றரியைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்கிறவர் அரிது. இங்கே பார்க்கப்போவது பிரேக் மட்டும்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். நல்ல நிலையில் உள்ள பிரியஸ் 30இன் பிரேக் அருமையானது. வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மின்மோட்டரே பார்த்துக்கொள்வதால் முன் பேட் ஒரு இலட்சம் கிலோமீட்டர் ஓடியும் மிச்சமிருப்பது சாதாரணம். ஆனால் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் உள்ளே கசியத் தொடங்கிவிட்டால் அது நம்பி ஏற முடியாத வாகனம். பழுது ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்காகச் சத்தம் போட்டுவிட்டுத்தான் வரும். அந்தச் சத்தத்தை அடையாளம் தெரியாமல் வாங்குபவரின் தலையில்தான் பெரிய செலவு விழுகிறது.

சாதாரணக் காரில் எஞ்சினின் வெற்றிடம் பூஸ்டருக்குக் கைகொடுக்கும். பிரியஸில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால் அந்த வழி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மின்பம்ப் பிரேக் ஒயிலை அழுத்தி, நைதரசன் வாயு அடைத்த அக்கியுமுலேற்றர் என்ற கலத்தில் சேர்த்து வைக்கிறது. நூறு பாரைத் தாண்டிய அழுத்தம் அது. மிதியை அழுத்தியதும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதைச் சென்சர் அளக்கும். கணினி அதில் ஒரு பங்கை மோட்டருக்கும் மீதியை ஒயில் அழுத்தத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் இறங்கியதும் முழுப் பொறுப்பும் ஒயில் பக்கம் வந்துவிடும்.

இதில் இரண்டு பெரிய பாகங்கள் உண்டு. மிதியின் விசையை ஒயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர், வால்வுகள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், கணினி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பூஸ்டர் தொகுதி ஒன்று. பம்ப் மோட்டரும் அக்கியுமுலேற்றரும் சேர்ந்த பம்ப் தொகுதி மற்றது. இங்குள்ள கராஜ்களில் இரண்டையும் பேதமில்லாமல் ‘ஏபிஎஸ் யூனிட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். விலை பேசும்போது எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவது அவசியம், ஏனென்றால் ஒன்று பழுதாக இருக்க மற்றதை மாற்றிவிட்டுக் காசு வாங்குவது நடக்கிற காரியம்தான்.

வழக்கமான பழுது பூஸ்டர் தொகுதிக்குள் நடக்கிறது. உள்ளே உள்ள வால்வும் சீலும் தேய்ந்து, சேர்த்து வைத்த அழுத்தம் மெல்ல ஒயில் டப்பாவுக்கே திரும்பிப் போகிறது. தரையில் ஒரு சொட்டு விழாது, ஒயில் மட்டமும் குறையாது. வீட்டுக் கூரைத் தண்ணீர்த் தொட்டியில் குழாய் ஒழுகினால் மோட்டர் அடிக்கடி தானாகப் போடுமே, அதே கதைதான். ஒழுக்கு கூடக் கூட பம்ப் ஓய்வில்லாமல் ஓடும். கடைசியில் பம்ப் மோட்டரும் தேயும். ஒரு பழுது இரண்டாகும் வழி இதுதான்.

ஆகவே கார் பார்க்கப் போகும்போது முதல் கருவி உங்கள் காது. சத்தமில்லாத இடத்தில் நிறுத்தி, ஏசியையும் ரேடியோவையும் அணைத்து, ஜன்னலை இறக்குங்கள். பார்க்கிங் பட்டனை அழுத்தி, இடது காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, கார் ரெடி நிலையில் (ஓடத் தயார் என்று மீட்டர் காட்டும் நிலை) இருக்கட்டும். எஞ்சின் ஓடினால் அது தானாக நிற்கும்வரை பொறுங்கள். பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கைபேசியில் நேரம் பாருங்கள். முன்பக்கம் ‘ர்ர்ர்ர்’ என்று சில விநாடி ஓடி நிற்கும் சத்தம்தான் பம்ப். நல்ல வாகனத்தில் ஒருமுறை ஓடி நின்றால், மிதியைத் தொடாதவரை நிமிடக்கணக்கில் அமைதியாக இருக்கும். மிதியைத் தொடாமலே இருபது முப்பது விநாடிக்கு ஒருமுறை ஓடினால் உள்கசிவு முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தால், இன்னும் கொஞ்ச மாதம் தள்ளும், பிறகு செலவு நிச்சயம். இன்வேர்ட்டரைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பின் மெல்லிய ரீங்காரம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சாரதிப் பக்கக் கதவைத் திறந்ததும் பம்ப் ஓடுவது பழுதில்லை. நீங்கள் ஏறப்போகிறீர்கள் என்று கணினி அழுத்தத்தை முன்கூட்டியே தயார் செய்கிறது. இரவு முழுக்க நின்ற காரில் காலையில் கொஞ்சம் நீளமாக ஓடுவதும் அப்படித்தான். ஓடும்போது இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு ஓடுவதும் சரியே. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஓடுகிறதா, நீண்ட நேரம் முனகுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளை (கோட்) வாசிக்கும் ஸ்கானர். எஞ்சின் கோட் மட்டும் வாசிக்கும் மலிவான புளூடூத் கருவி இதற்கு உதவாது. பிரேக் கணினிக்குள் போகக்கூடிய கருவி வேண்டும். ரொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருள் இருந்தால் இன்னும் நல்லது. சி1391 வந்தால் அக்கியுமுலேற்றர் அழுத்தம் அளவுக்கு மீறிக் கசிகிறது என்று அர்த்தம். இந்த மாடலுக்குப் பேர்போன கோட் அதுதான். சி1256 அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது என்பதற்கு. சி1252 பம்ப் அளவுக்கு மீறி நீளமாக ஓடுகிறது என்பதற்கு. சி1253 பம்ப் மோட்டரின் ரிலேப் பக்கம். சி1391 மட்டும் இருந்தால் சந்தேகம் முதலில் பூஸ்டர் தொகுதி மேல்தான் விழ வேண்டும். டேட்டா லிஸ்டில் அக்கியுமுலேற்றர் சென்சரின் வோல்ற் எண்ணைத் திறந்து வைத்து, மிதியைத் தொடாமல் பாருங்கள். காது சொன்னதை அந்த எண்ணும் சொல்லும்: ஏறும், பிறகு கண்முன்னே இறங்கும்.

கோட்டை அழிப்பது ஒரு நிமிட வேலை. அழித்த பிறகு, கசிவு முற்றாத காரில் லைட் திரும்ப வர நாட்கள் ஆகலாம்; அதற்குள் கார் கைமாறிவிடும். சத்தத்தை மட்டும் எந்த ஸ்கானராலும் அழிக்க முடியாது. இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். பவர் பட்டனை அழுத்தியதும் சிவப்புப் பிரேக் லைட்டும் மஞ்சள் ஏபிஎஸ் லைட்டும் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மீட்டரைக் கழற்றி யாரோ கைவைத்திருக்கிறார்கள். அந்தக் காருக்கு விலை பேச வேண்டியதில்லை. “சும்மா ஏபிஎஸ் லைட்தான் அண்ணை, பிரேக்குக்கு ஒண்டும் இல்லை” என்று சொல்லும் ஆளிடமும் அதே மரியாதைதான். வேறு கார்களில் ஏபிஎஸ் போனாலும் சாதாரணப் பிரேக் இருக்கும். பிரியஸில் ஏபிஎஸ்ஸும் பூஸ்டரும் ஒரே தொகுதி என்பதால் அந்தப் பேச்சு இங்கே செல்லாது.

நம் சட்டமும் இதில் கைகொடுப்பதில்லை. தனியார் காருக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் போதும். பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. அழுத்தம் நிற்காத பிரியஸ் புகையே இல்லாமல் ஜம்மென்று பாஸ் பண்ணிப் போகும்.

இனி ரொயோட்டா என்ன செய்தது என்று பார்க்கலாம், ஏனென்றால் உரிமையாளர்களின் கோபத்துக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. 2010 பெப்ரவரியில் பிரியஸ் உட்பட சுமார் 437,000 ஹைபிரிட் வாகனங்களை உலகம் முழுவதும் திரும்ப அழைத்தார்கள். குண்டும் குழியுமான அல்லது வழுக்கும் தரையில் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது ஏபிஎஸ் வேலை செய்தால், மோட்டர் பிரேக்கிலிருந்து ஒயில் பிரேக்குக்கு மாறும் இடைவெளியில் பிடி ஒரு கணம் தளர்ந்தது. மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள். பிறகு 2013 ஜூனில் இன்னொரு அழைப்பு. 2009இல் தயாரான பிரியஸ், லெக்சஸ் எச்எஸ்250எச் வாகனங்கள் சுமார் 242,000. அக்கியுமுலேற்றருக்குள் வெடிப்பு விழுந்து நைதரசன் ஒயிலில் கலந்தால், மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கி, நிற்கும் தூரம் கூடக்கூடும் என்பதே காரணம்.

இந்த இரண்டையும் பொறுப்பாகச் செய்தவர்கள், மேலே சொன்ன உள்கசிவை அப்படி நடத்தவில்லை. அமெரிக்காவில் குறிப்பிட்ட சில கோடுகள் வந்தால் இலவசமாக மாற்றித் தருவதாக உத்தரவாதக் காலத்தை நீட்டினார்கள். பழுது வந்த பிறகு வாருங்கள் என்பதுதான் அதன் பொருள். வருவதற்கு முன்பே மாற்றித் தரும் அழைப்பு வேறு. பிரேக் உதவியே அற்றுப்போகக்கூடிய ஒரு பழுதுக்கு இது போதாது என்பதே என் மதிப்பீடு. ஜப்பானில் ஓடி, ரிகண்டிஷனாக இங்கே வந்த வாகனத்துக்கு அந்த நீட்டிப்புக்கூட இல்லை. இங்கே எல்லாமே கைக்காசு.

திரும்ப அழைத்த வேலை உங்கள் காரில் முடிந்ததா என்று பார்க்க மட்டும் வழியுண்டு. ரொயோட்டாவின் ஜப்பானிய இணையதளத்தில் சேசி இலக்கத்தைக் கொடுத்தால் நிலுவையில் உள்ளவை தெரியும். 2009, 2010 தயாரிப்பு என்றால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

குழியில் பிடி தளர்வதை மேலே சொன்னேன் அல்லவா. மென்பொருள் மாற்றிய காரிலும் அது முற்றாகப் போகவில்லை என்பதால் ஓட்டிப் பார்க்கும்போது பயந்துவிட வேண்டாம். சந்தியை நோக்கி 20 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லப் பிடித்தபடி வருகிறீர்கள். முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்து ஒரு கணம் தரையை விடுகிறது. சக்கரம் வழுக்குவதாக எண்ணிக் கணினி மோட்டர் பிரேக்கை வெட்டிவிடும். கார் அரை அடி முன்னே தாவியது போல இருக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒயில் பிரேக் பிடித்துக்கொள்ளும். இது இந்த வகைப் பிரேக்கின் குணம். லைட்டும் வராது, பம்பும் கூடுதலாக ஓடாது. இதற்காக யூனிட் மாற்றச் சொல்லும் கராஜை விட்டு விலகுங்கள்.

உள்கசிவு உறுதியானால் வழி மூன்று. புதிய பாகம் கைவலிக்கும் விலை, ஆனால் கேள்விக்கு இடமில்லாதது. ஜப்பானில் உடைத்த காரிலிருந்து வந்த பழைய யூனிட் தான் இங்கே அதிகம் பூட்டப்படுகிறது. அதற்கும் அதே வயது, அதே சீல். கழற்றி வைத்த யூனிட்டைப் பார்த்து நிலைமை சொல்ல யாராலும் முடியாது. பூட்டி, பம்ப் நேரம் பார்த்த பிறகுதான் காசு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். மூன்றாவது, உங்கள் யூனிட்டையே பிரித்துச் சீல் மாற்றித் தருவது. வால்வு அமரும் இடம் தேய்ந்திருந்தால் புதுச் சீலால் பயனில்லை. உயிர் தொங்கும் பாகத்தில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய பம்ப் மாதக்கணக்கில் ஓடிக் களைத்திருந்தால் பூஸ்டரோடு சேர்த்து அதையும் மாற்றுவது கூலியை மிச்சப்படுத்தும். வைப்பரையும் அதன் கீழ்த் தட்டையும் இரண்டாம் முறை கழற்ற வேண்டியிராது. ‘ஒயில் மாற்றி, பைப்பில் சிக்கிய எயரை எடுத்தால் சரியாகும்’ என்பவரை நம்ப வேண்டாம். உள்ளே தேய்ந்த வால்வை ஒயில் குணப்படுத்தாது.

யூனிட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் 12 வோல்ற் பற்றரியை அளந்து பாருங்கள். பின் டிக்கியின் வலது மூலையில் இருக்கும். கார் ஓய்வாக நிற்கையில் 12.6 அளவில் இருக்க வேண்டும், ரெடியில் 14 பக்கம் போக வேண்டும். 12க்குக் கீழே கிடந்தால் பிரேக் கணினி சம்பந்தமில்லாத கோடுகளையும் கொட்டும். பற்றரியை மாற்றி, கோட்டை அழித்து, மறுபடி சத்தச் சோதனை செய்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம்.

வேலையைச் செய்பவரிடம் முதல் கேள்வி: “ஸீரோ டவுன் செய்வீர்களா?” பைப்பைக் கழற்றும் முன் ஸ்கானர் மூலம் அக்கியுமுலேற்றர் அழுத்தத்தை இறக்குவதுதான் அது. செய்யாமல் நட்டைத் தளர்த்தினால் ஒயில் கண்ணுக்கே பாயும். அழுத்தம் இறங்கியதும் டப்பாவில் ஒயில் மட்டம் உயர்வதைக் காணலாம். அதனால்தான் பம்ப் ஓடி முடித்த நிலையில் மட்டத்தைப் பார்த்து மேல்கோடுவரை நிரப்பக் கூடாது. அழுத்தம் இறங்கியதும் ஒயில் திரும்பி வந்து பொங்கி வழியும். பேட் மாற்றும்போதும் இதே எச்சரிக்கை. பேட்டை அழுத்தும் காலிப்பர் கழற்றிக் கிடக்கையில் யாராவது சாரதிக் கதவைத் திறந்தால் பம்ப் விழித்துக்கொள்ளும், பிஸ்டன் வெளியே துள்ளலாம். 12 வோல்ற் பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டுக் கைவையுங்கள்.

பூட்டிய பிறகு எயர் எடுப்பதும் ஸ்கானர் சொல்லும் வரிசையில்தான். ஒருவர் மிதிக்க ஒருவர் நட்டைத் திறக்கும் பழைய முறை மட்டும் போதாது. பின்சக்கரங்களுக்குப் பம்பை ஓடவிட்டே எடுக்க வேண்டியிருக்கும். பம்பை இடைவிடாமல் ஓட்டினால் மோட்டர் சூடேறிக் கெடும், நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டும். ஒயில் டொட் 3 ரகம். ஒரு லீற்றருக்குக் குறையாமல் புதுப்போத்தலாக வாங்கி வையுங்கள். ஏற்கனவே திறந்து வைத்த போத்தல் ஈரம் இழுத்திருக்கும். டொட் 3 ஒயில் புதிதில் 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காமல் நிற்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரையறை 140 பாகைதான். கடைசியாக, மிதியைத் தொடாமல் வால்வின் அளவுகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் சி1345 வந்து லைட்கள் மின்னிக்கொண்டே இருக்கும். மின்னுகிற லைட்டோடு “நாலு நாள் ஓடினால் போயிடும்” என்று திறப்பைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சிவப்பு லைட்டும் விடாத பீப் சத்தமும் வந்துவிட்டால், அதற்குப் பிறகு கராஜுக்குக்கூட ஓட்டிப் போகக் கூடாது, தூக்கிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால் மிதியைக் குத்திக் குத்தி மிதிக்க வேண்டாம். கலத்தில் மிச்சமிருக்கும் அழுத்தம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பங்காகப் போய்விடும். ஒரே அழுத்தாக, தேவையானால் இரண்டு காலாலும், முழுப் பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். உதவி முற்றாகப் போனால் மிதி கல்லாக இறுகும், ஆனாலும் காலின் பலத்துக்கு ஓரளவு பிடிக்கும். கியர் நெம்புகோலை எஞ்சின் பிரேக்குக்கான பி (B) நிலைக்குத் தள்ளுங்கள். நியூட்ரலுக்குத் தள்ளினால் இருக்கும் பிடியும் போகும். பார்க்கிங் பிரேக் கேபிளில் ஓடுவது, ஒயிலை நம்பியிருப்பதில்லை. அதை இடது காலால் படிப்படியாக அழுத்துங்கள். ஒரேயடியாக மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும்.

மலைநாட்டுப் பக்கம் ஓடுபவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஹைபிரிட் பற்றரி பாதி வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய பற்றரியில் மின்னைச் சேர்க்க இடமில்லாததால் மோட்டர் பிரேக் ஒதுங்கிக்கொள்ள, வளைவுக்கு வளைவு ஒயில் பிரேக்தான் தாங்க வேண்டும். சமதரையில் சமாளித்துக்கொண்டிருந்த கசிவு வெளிப்படும் இடம் இதுதான். இறக்கம் தொடங்கும்போதே பி நிலையில் போட்டுவிடுங்கள். எஞ்சின் இரையும், இரையட்டும்.

யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற உப்புக்காற்று ஊர்களில் இன்னொரு சில்லறைத் தொல்லை உண்டு. ஒயில் பிரேக் குறைவாக வேலை செய்வதால் டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் பின் இறுகும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று உள்ள கிரீஸ் பூசினால் போதும்.

ரொயோட்டாவின் சிறிய ஹைபிரிட் காரான அக்குவா வாங்க யோசிப்பவர்களும் இதே சத்தச் சோதனையைச் செய்யலாம். பாகங்கள் வேறு, பிரேக்கின் வகை அதே. யூனிட் மாற்றி முடித்த காரை எடுக்கும்போது ரசீதில் மூன்று விடயம் எழுதி வாங்குங்கள்: பூட்டியது பூஸ்டர் தொகுதியா பம்ப் தொகுதியா, உத்தரவாதம் எத்தனை மாதம், மறுபடி பழுதானால் யூனிட்டோடு கழற்றிப் பூட்டும் கூலியும் ஒயிலும் அதற்குள் அடங்குமா.